மொட்டை மாடியில் முளைத்த களை

என் மகளுக்கு ஏழு வயதானபோது ரத்தம் குறைவாக இருக்கிறது என்றார் டாக்டர். டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு, "கீரை நெறைய குடுங்கம்மா" என்றார். சொல்வது சுலபம். கீரையைக் கண்டாலே அவள் வாயை இறுக்கிக்கொள்வாள். தானே தண்ணீர் ஊற்றி வளர்த்ததை ஆசையாகச் சாப்பிடுவாள் என்று மனக்கணக்குப் போட்டு, வாடகை வீட்டு மொட்டை மாடியில் ஐந்து தெர்மாகோல் பெட்டிகளில் அரைக்கீரை விதைத்தேன்.

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் எனக்குத் தரம் பார்க்கிற க்யூ.சி. வேலை. சரியில்லாத போல்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் பொறுக்கி எறிகிற கை இது. கீரைப் பெட்டியிலும் சும்மா இருக்கவில்லை. மாட்டு எருவோடு வந்த விதையோ என்னவோ, அரைக்கீரைக்கு நடுவே கண்டதும் முளைத்தது. ஞாயிறுதோறும் உட்கார்ந்து, அரைக்கீரை அல்லாத அத்தனையையும் வேரோடு பிடுங்கி, மாடிப்படிக்குக் கீழே இருந்த குப்பை பக்கெட்டில் போடுவேன். திங்கட்கிழமை குப்பை வண்டி வருவதற்குள் பக்கெட் காலியாகிவிடும்.

யார் எடுக்கிறார்கள்? எனக்குத் தலை வெடித்தது. ஒரு ஞாயிறு படியில் நின்று எட்டிப் பார்த்தேன். கீழ் வீட்டில் இருக்கும் கன்னடக்கார ஓனரம்மா, என் களைகளை மடியில் போட்டு, வேரைக் கிள்ளி, ஒவ்வொன்றாக ஆய்ந்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் மாடு கிடையாது. முயல், கோழி எதுவும் கிடையாது. நாட்டு மருந்தா? பூஜைக்கா? கேட்க வாய் வரவில்லை. மாடியில் தண்ணீர் தேங்குகிறது என்று ஏற்கெனவே அவருக்கு என்மேல் குறை. போதாததற்கு, நான் ஷிப்ட் முடிந்து வரும்வரை மகள் அவர் வீட்டில்தான் இருப்பாள்.

அரைக்கீரை நன்றாகவே வந்தது. அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் பத்துப் பதினைந்து நாளில் மறுபடி தழைத்துவிடும். கடைந்தேன், பொரியல் செய்தேன், அடை மாவில் ஒளித்தேன். அவள் ஒவ்வொரு இலையாகக் கண்டுபிடித்துத் தட்டின் ஓரத்தில் அடுக்கினாள். என் மகளல்லவா, அவளுக்கும் அதே கை. ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனை. "நல்லா ஏறியிருக்கே. கீரை குடுத்தீங்களா?" என்றார் டாக்டர்.

"எங்க சார் சாப்பிடுறா? எல்லாம் டானிக்தான்."

மகளுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நான் கீரை சாப்பிடுறேன்! ஓனர் ஆன்ட்டி சாறு பண்றாங்க. முத்தேக்குத் தொட்டுக்கிட்டு ரெண்டு கிண்ணம் சாப்பிடுவேன்."

ராகிக் களியும் கீரைக் குழம்பும்! வீட்டுக்கு வந்ததும் நேரே ஓனரம்மா சமையலறைக்குப் போய் நின்றேன்.

"அது களைங்கம்மா," என்றேன்.

"களை ஏதும்மா? பெரகே சொப்பும்மா, கலவைக் கீரை. பல தினுசு கலந்து போட்டாத்தான் சாறு ருசி. இதுக்காக எங்கம்மா வயலெல்லாம் சுத்துவாங்க. நீங்க எறியறீங்களேன்னு எடுத்தேன். கேட்டா தப்பா நெனப்பீங்கன்னு கேக்கல."

டானிக்கோ, களையோ, எது ஏற்றியதோ எனக்குத் தெரியாது. மகள் தேறியதில் உயிர் வந்தது. ஆனால் பொய் சொல்வானேன், வயிறு எரிந்தது. நான் அழுது ஊட்டியதைத் தள்ளிய பிள்ளை, நான் எறிந்ததை இன்னொருத்தி கையால் வழித்துச் சாப்பிட்டிருக்கிறாள்.

ஓனரம்மா ஒரு கிண்ணத்தில் சாறு ஊற்றி என் கையில் கொடுத்தார். கரும்பச்சையாக, பெயர் தெரியாத தண்டுகள் மிதந்தன. என் விரல் தானாக ஒரு தண்டை ஓரமாக ஒதுக்கியது. மகள் என் எதிரில் வந்து உட்கார்ந்து, என் வாயையே பார்த்தாள்.

"ஒதுக்காதம்மா," என்றாள். "அதையும் சாப்பிடு."