கை கேட்டுப் போனேன்

அடியார்கள் அனைவருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களோடு சேர்ந்து திருவதிகைக் கோயிலில் புல் செதுக்குகிறவள்தான் நான். கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. அதனால் நம் குழுவின் ஆண்டு மலருக்கு எழுதியே தருகிறேன் என்று செல்வி அக்காவிடம் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொண்ட நாளிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். சாமி செய்த உதவியைச் சொல்ல வேண்டுமென்றால் நான் நடந்துகொண்ட விதத்தையும் சொல்லித்தானே ஆக வேண்டும்.

2017-இல் என் வலது மணிக்கட்டில் வலி வந்தது. கட்டைவிரலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி. குழாயைத் திருக முடியாது. டப்பா மூடியைத் திறக்க முடியாது. அப்போது என் மகள் யாழினி பிறந்து ஏழாவது மாதம். என் பிழைப்பே அந்தக் கைதான் என்பதால் எனக்கு உயிரே போய்விட்டது.

நான் கார்ட்டூன் படங்களுக்கு ஸ்டோரிபோர்டு வரைகிறவள். டிவியில் உங்கள் பிள்ளைகள் பார்க்கிற கார்ட்டூன் உருவாவதற்கு முன்பே, அந்தக் கதை முழுவதையும் கட்டம் கட்டமாக ஒருவர் வரைந்து கொடுக்க வேண்டும். யார் எங்கே நிற்கிறார்கள், எப்போது திரும்புகிறார்கள், எல்லாம் அந்தக் கட்டங்களில் இருக்கும். அதை வைத்துக்கொண்டுதான் மற்றவர்கள் வேலையைத் தொடங்குவார்கள்.

நெய்வேலியில் இதை விளக்குவது பெரும்பாடு. எங்கள் ஊரில் மனிதர்கள் இரண்டே வகை, பர்மனென்ட், கான்ட்ராக்ட். என் அப்பா மைன்ஸில் பர்மனென்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். என் கணவர் குமரவேல் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே, "உனுக்கு இன்னா வேலம்மா, பர்மனென்டா, கான்ட்ராக்டா?" என்பதுதான். "ஃப்ரீலான்ஸுங்க அத்தை" என்றேன். "அப்டின்னா, கான்ட்ராக்ட்டுக்கும் கீழயா?" என்றார். நெய்வேலிக்குப் பக்கத்தில் வடக்குத்தில் கூலி வேலை செய்தே பிள்ளையை வளர்த்தவர் அவர். கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

சென்னையில் அனிமேஷன் படித்துவிட்டு ஒரு ஸ்டுடியோவில் க்ளீன்-அப் வேலையில் சேர்ந்தேன். அடுத்தவர் கிறுக்கலாக வரைந்து கொடுப்பதன் மேல் சுத்தமான கோடு போடுகிற வேலை. அந்தத் தொடர் முடிந்ததும் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் தொழிலில் அது சாதாரணம். ஊருக்குத் திரும்பி அதே வேலையை இன்டர்நெட் வழியாக வாங்கிச் செய்தேன், கல்யாணமாகி மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டுக்கு வந்த பிறகும் அதையே தொடர்ந்தேன். முதலில் கோடு போடுவது, பிறகு திருத்தம் செய்வது என்று மெதுவாகத்தான் மேலே ஏறினேன். ஒரு எபிசோடு முழுவதையும் தானே யோசித்து வரைவது அதற்கு மேல் படி. கதைக் குழுவில் இடம் கிடைப்பது அதற்கும் மேல். இப்படி வாங்கிச் செய்கிற வேலையில் யாரும் யாரையும் நீக்குவதில்லை. சொன்ன தேதிக்குக் கொடுக்காவிட்டால் அடுத்த முறை போன் வராது, அவ்வளவுதான்.

பாப்பாவுக்கு ஐந்து மாதம் ஆனபோது எனக்கு அந்தப் போன் வந்தது. "இந்த எபிசோடை முழுசா நீங்களே போர்டு பண்ணுங்க. நல்லா வந்தா அடுத்த சீசன்ல ஸ்டோரி டீம்ல சேத்துக்கிறேன்" என்றார் டைரக்டர். எத்தனை வருஷமாக நான் காத்திருந்த வார்த்தை! அன்றே வேலையைத் தொடங்கிவிட்டேன். கொஞ்ச நாளில் கையும் வலிக்கத் தொடங்கியது.

ஏன் வலிக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். பிள்ளை நாளுக்கு நாள் கனக்கிறாள், அவளைத் தூக்கித் தூக்கித்தான் கை போச்சு என்று. டாக்டரிடம் போகலாம் என்று கணவர் எத்தனையோ முறை கூப்பிட்டார். போனால் ஓய்வெடுக்கச் சொல்வார்கள் என்ற பயத்தில் நான் போகவில்லை. அதற்குப் பதில் பிள்ளையைத் தூக்குவதை நிறுத்தினேன்.

இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. கையில் மிச்சமிருந்த தெம்பை எல்லாம் பேனாவுக்கு என்று எடுத்து வைத்தேன். பசித்தால், எங்களோடு இருந்த அத்தை பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போடுவார். பால் குடித்ததும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். அவள் தவழ்ந்து வந்து என் நாற்காலிக் காலைப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாள். நான் திரையைப் பார்த்தபடியே, "அத்தை, இவளக் கொஞ்சம் பாருங்களேன்" என்பேன்.

"ஒரு தபா தூக்கேம்மா. எம்மா நேரமா உன்னியே பாத்துகினு கீது பாரு" என்பார் அத்தை.

"கை வலிக்குது அத்தை."

அந்தக் கையால்தான் அப்போது வரைந்துகொண்டிருப்பேன். அது அவருக்கும் தெரியும். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவார். கொஞ்ச நாளில் பிள்ளை என்னிடம் கை நீட்டுவதை விட்டுவிட்டாள். தொந்தரவு குறைந்தது என்று நான் நினைத்தேன். அடியார்களே, அப்படியேதான் நினைத்தேன்.

நான் வரைந்துகொண்டிருந்த கதையில், திருவிழாவில் தொலைந்துபோன சின்னப் பெண் ஒருத்தி கடைசியில் அம்மாவிடம் வந்து சேர்வாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள், அம்மா தூக்கிக்கொள்வாள். இதுதான் கடைசிக் காட்சி. எத்தனை முறை மாற்றி அனுப்பினாலும் டைரக்டர் அதை மட்டும் திருப்பி அனுப்பினார். "கோடெல்லாம் அழகா இருக்கும்மா. ஆனா அந்த அம்மா பிள்ளையத் தூக்குறது கேஸ் சிலிண்டர் தூக்குற மாதிரி இருக்கு" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கை சரியாக இருந்தால் நன்றாக வரைந்திருப்பேன் என்று மறுபடியும் கையின் மேலேயே பழியைப் போட்டேன்.

திருவதிகைச் சாமி வலியைத் தீர்ப்பார் என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? ஒரு பிரதோஷத்தன்று பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டு, பண்ருட்டி பஸ் பிடித்து நான் மட்டும் போனேன். சன்னதியில் கண்ணை மூடிக்கொண்டு, "இந்த எபிசோடு முடியுற வரைக்கும் இந்தக் கை வலிக்காமப் பாத்துக்க சாமி. அப்புறம் என்ன வேணாப் பண்ணிக்க" என்று வேண்டினேன். அன்று நான் கேட்டது அவ்வளவுதான். பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது கூட்டத்தில் யாருடைய குழந்தையோ அழுதது. எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனைந்துவிட்டது. முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு அப்படியே நின்றேன். ஊரார் பிள்ளையின் அழுகைக்கு என் உடம்பு பதில் சொல்கிறது. என் வீட்டுப் பிள்ளை என்னிடம் கை நீட்டுவதையே விட்டுவிட்டது. வேண்டுதலை மாற்றிக் கேட்கக்கூட எனக்கு வாய் வரவில்லை. "நான் என்ன பண்ணிக்கிட்டிருக்கேன் சாமி?" என்று மட்டும் கேட்டேன். கேட்டுவிட்டு அழுதேன்.

வெளியே வந்தபோது ஓர் அம்மா தொன்னையில் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் இடது கையை நீட்டினேன்.

"பிரசாதத்தப் போயி இடது கையில வாங்குறியேம்மா" என்றார்.

"வலது கையில பிடிக்க முடியாதுக்கா" என்று சொல்லும்போதே எனக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது. அவர் தொன்னைகளைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு என் மணிக்கட்டைத் தொட்டு, "இங்கயா?" என்றார். சரியாக அந்த இடம். "எனுக்கும் ரெண்டாவது புள்ள பொறந்தப்ப இப்டித்தான் இருந்துச்சி. பண்ருட்டில ஒரு டாக்டரம்மா கீறாங்க, வா" என்று கையோடு அழைத்துக்கொண்டு போனார். அவர்தான் நம் செல்வி அக்கா. நான் டாக்டரிடம் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது சாமிக்குத் தெரிந்திருக்கிறது, கையைப் பிடித்து இழுத்துப் போகவே ஆளை அனுப்பினார்.

டாக்டரம்மா நான் பேனா பிடிக்கிற விதத்தைக் காட்டச் சொன்னார். அப்புறம், "குழந்தையத் தூக்கி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார்.

"ஒரு மாசத்துக்கு மேல ஆகுதுங்க."

"வலி குறைஞ்சுதா?"

"அதிகமாத்தான் ஆயிருக்கு."

"அப்புறம் ஏம்மா குழந்தை மேல பழியப் போடுறீங்க? இவ்வளவு இறுக்கிப் பிடிச்சு நாள் பூரா வரைஞ்சா எந்தக் கை தாங்கும்?"

நான் தேம்பித் தேம்பி அழுதேன். வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். கட்டைவிரல் அசையாமல் இருக்க ஒரு பட்டை மாட்டிவிட்டார். அக்குளில் கை கொடுத்துத் தூக்காமல், அடியில் கை கொடுத்து முழங்கையில் ஏந்திக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார். பேனாவை மட்டும் கொஞ்ச நாள் தொடவே கூடாது என்றார்.

வீட்டுக்கு ஓடி வந்து, அவர் சொன்னபடியே பிள்ளையை ஏந்தினேன். அவள் உடம்பை விறைத்துக்கொண்டு அலறினாள். அத்தையின் பக்கம் திரும்பிக் கையை நீட்டினாள். நான் அவளைக் கீழே விட்டுவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கூப்பிடக்கூடத் தைரியம் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து மெல்லத் தவழ்ந்து வந்து, என் கையில் இருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லத்தான் டைரக்டருக்குப் போன் செய்தேன். "கடைசிக் காட்சி மட்டும்தானே பாக்கி? குச்சி உருவமா இருந்தாலும் பரவால்ல, கதையப் புரிய வைங்க. கோடு போட வேற ஆளு இருக்காங்க" என்றார். பிரசாதம் வாங்கக் கூடாத அந்த இடது கையால் கோணல் மாணலாக வரைந்தேன். ஓடி வந்து கட்டிக்கொள்வதை எடுத்துவிட்டேன். தொலைந்த பெண் அம்மாவைப் பார்த்தும் வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அம்மா தரையில் உட்கார்ந்து காத்திருக்கிறாள். பிள்ளை மெல்ல வந்து அவள் வளையலைத் தொடுகிறாள்.

டைரக்டர் உடனே கூப்பிட்டார். "இது எங்கேருந்து கிடைச்சுது உங்களுக்கு?" என்று கேட்டார். அடுத்த சீசனில் கதைக் குழுவில் எனக்கு இடம் கிடைத்தது. இன்றுவரை அந்த வேலையில்தான் இருக்கிறேன். என் பிள்ளை என்னிடம் வர மறுத்ததை வரைந்து கொடுத்துத்தான் அந்த இடத்துக்குப் போனேன். எல்லோரும் வாழ்த்தினார்கள். எனக்கு மட்டும் திருடியது போல இருந்தது, இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

கை சரியாகிவிட்டது. பிள்ளைதான் அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. பசித்தால், தூக்கம் வந்தால், கீழே விழுந்தால் வருஷக்கணக்கில் எல்லாவற்றுக்கும் அவளுக்கு ஆயாதான், என் அத்தைதான். நான் பிரதோஷம் தவறாமல் போய் நின்றேன். பிறகு உங்களோடு கோயிலில் புல் செதுக்கும் உழவாரப் பணிக்கும் வரத் தொடங்கினேன். இப்போது வேலைக்கு உட்காரும்போது அவள் வந்து நின்றால் பேனாவைக் கீழே வைத்துவிடுகிறேன். தேதி தள்ளிப்போனால் போகட்டும்.

போன ஆடி மாதம் நாம் மதில் ஓரத்தில் புல் எடுத்த அன்று அத்தையும் பாப்பாவும் வந்திருந்தார்கள். நினைவிருக்கிறதா? பாப்பா கல்லில் தடுக்கி விழுந்து, முழங்கால் தேய்ந்து அழுதாள். அத்தை பக்கத்திலேயே நின்றார், நான் தள்ளி நின்றேன். பிள்ளை எழுந்து ஆயாவைப் பார்த்தாள். அத்தை குனியவில்லை. தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பாப்பா ஒரு கணம் நின்றாள். அப்புறம் திரும்பி, "அம்மா" என்று என்னிடம் ஓடி வந்தாள்.

நான் கையைத்தான் கேட்டுப் போனேன். சாமி என் மகளைக் கொடுத்தார். தப்பாகக் கேட்டவளையே திருப்பி அனுப்பாதவர் உங்களையும் அனுப்ப மாட்டார். என்ன கேட்பது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அவர் முன்னால் போய் நில்லுங்கள்.

அத்தையிடம் மட்டும் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அழுகிற பிள்ளையைத் தூக்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றது அவருக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்குப் படிக்கத் தெரியாது. மலர் கைக்கு வந்ததும் இதை நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அந்த இடம் வரும்போது குரல் உடையாமல் வாசித்து முடிக்க எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.