கண்ணால் படிக்கும் குறி

மகளின் டேப்லெட்டில் குழந்தைப் பாட்டு ஓடியது. ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஓர் ஆச்சரியக்குறி குதித்து வந்து நிற்க, நெல்லித்தோப்பில் இப்போது அடுக்குமாடி எழும்பிவிட்ட ஒரு மனையில் என் சிறுவயதில் இருந்த வீட்டின் கூடத்துக்கு நினைவில் போய்விட்டேன்.

மாதா கோயிலில் பாட்டுப் பாடும் தெரேஸ் அக்காவின் வீடு அது. சாயங்காலமானால் அக்கா டிவியின் மர ஷட்டரைத் தள்ளுவார்; சூடேறும் பெட்டியின் வாசனையில், சிவப்புச் சிமெண்டுத் தரையின் குளிர்ச்சியில், தெருப்பிள்ளைகள் நாங்கள் உட்கார்ந்திருக்க, பாட்டின் வரிகள் திரையில் எழுத்தாக ஓடும். நான் இரண்டாம் வகுப்பு. வரி முடிவில் கோடும் புள்ளியுமாக நின்ற குறியை எப்படிப் படிப்பது என்று கேட்டேன்.

“அத வாயால படிக்கக் கூடாதுடி. கண்ண அகலத் தொறந்தா போதும்.”

மறுநாள் வகுப்பில் பாடம் வாசிக்கும்போது அப்படியே செய்தேன்.

“என்னடி மொறைக்கிற?” என்று டீச்சர் என்னை வெளியே நிற்கவைத்தார்.

அக்கா கேலி செய்துவிட்டார் என்று எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. அதன்பின் அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை. அவரே இரண்டு முறை எங்கள் வாசலில் வந்து கூப்பிட்டபோதும் பீரோவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அடுத்த வாரம் அவர்கள் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போய்விட்டார்கள்.

“ஒங்கிட்ட ஏதோ சொல்லணும்னு வந்துச்சு, பாவம்,” என்றார் அம்மா.

கேலிக்குச் சொன்னாரா, கோயிலில் அப்படித்தான் பாடுவார்களா, மன்னிப்புக் கேட்க வந்தாரா, வெறுமனே போய்வருகிறேன் என்று சொல்ல வந்தாரா, எனக்கு இன்னும் விளங்கவில்லை.