சைஸ் செட் கிளாரினெட்

புது ஆர்டர் பிடித்தால், சைஸுக்கு ஒரு பீஸ் தைத்து முதலில் சரக்கு வாங்கும் பையருக்கு அனுப்புவோம். அதற்குப் பெயர் சைஸ் செட். தன் மகளின் கல்யாண வரவேற்பில் நான் கிளாரினெட் வாசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்ட எங்கள் பனியன் கம்பெனி முதலாளி, அதற்கும் சைஸ் செட் ஆர்டர் போட்டுவிட்டார்.

நான் அங்கே செக்கிங் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமைகளில் மண்ணரை சர்ச் பேண்டில் கூட்டத்தோடு கூட்டமாக ஊதுகிறவன். "அத்தன பேரு ஊதுனா உங்க சத்தம் எதுன்னு எனக்கு எப்படிங்க தெரியும்?" என்று என் மனைவி ஒருமுறை கேட்டாள். அது மனதை அறுத்துக்கொண்டே இருந்தது. வரவேற்பில் தனியாக வாசிக்கப் போகிறேன் என்றதும், சேவூரிலிருந்து பிறந்த வீட்டார் மொத்தப் பேரையும் வரச் சொல்லிவிட்டாள்.

பெட்டிகள் வந்தன. முழங்கை நீளம்கூட இல்லாத ஒரு பொடியன். பட்டாள பேண்டில் எல்லார் தலைக்கும் மேலே கீச்சிடுவதற்கானது. அடுத்து கொஞ்சம் பெரியது. பிறகு நான் வாசிக்கும் சாதாரணக் கிளாரினெட். பிறகு கழுத்து வளைந்த பாஸ் கிளாரினெட். கடைசியாக, மடக்கி நிறுத்திய இரும்புக் கட்டில் போல ஆளுயரத்துக்கு ஒன்று. வெறும் கிளாரினெட்டுகளாகவே சேர்ந்து வாசிக்கும் குழுக்களில், அடியில் நின்று தரையை அதிரவைப்பது அதன் வேலை.

"ஏனுங்க, இதையெல்லாம் யாருங்க ஊதுறது?"

"நம்ம ஆளுங்கதான் தம்பி. ஸ்டைல் ஒண்ணு, சைஸ்தான வேற. எல்லாத்துலயும் விரல் வெக்கிறது ஒரே மாதிரிதானுங்களே?"

விரல் ஒன்றுதான், ஆனால் சைஸுக்கு சைஸ் சுருதி மாறும் என்றேன்.

"ஒரு வாஷ் உட்டாச் சரியாயிருமுங்க."

அதோடு விட்டாரா? கம்பெனி ஆட்களில் நான் உட்பட ஐந்து பேரை நிறுத்தி, டேப்பை எடுத்து மார்பை அளந்தார். ஒல்லியான அயர்னிங்காரருக்குப் பொடியன். மீடியம் உடம்புக்காரரான கணக்கருக்கு நான் வாசிக்க வேண்டியது. அவருக்கு விசில்கூட வராது. என் தொப்பைக்கு அந்த இரும்புக் கட்டில். சொந்தக் கிளாரினெட்டைக் கொண்டுவருகிறேன் என்று கெஞ்சினேன். செட்டில் இல்லாத பீஸைக் கலக்கக் கூடாதாம். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் தினமும் மதியம் ஸ்டோர் ரூமில் எல்லாருக்கும் ஒரே பாட்டை நான்தான் பழக்கினேன்.

வரவேற்பன்று மாலை கரண்ட் இல்லை. மண்டபத்தில் ஜெனரேட்டர் ஓடியது. பாட்டைத் தொடங்கினோம். ஒரே பாட்டு, ஆளுக்கொரு சுருதி. மாப்பிள்ளை வீட்டார் காதைப் பொத்திக்கொண்டார்கள். வெட்கப்பட்டு மற்ற நால்வரும் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டார்கள். நான் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு ஊதினேன். நாற்காலிகள் நடுங்கின.

"ஜெனரேட்டர் திணறுதுங்க" என்று யாரோ சொல்ல, ஜெனரேட்டர்காரர் ஓடிப்போய் அணைத்துவிட்டார். மண்டபம் இருண்டது. மூடிய கண்ணுக்கு அது எப்படித் தெரியும்? நான் பாட்டுக்கு ஊதிக்கொண்டிருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டரின் தகரத்தில் டமடமவென்று அடிக்கும் சத்தம். "ஆஃப் பண்ணியும் ஓடுதுங்களே" என்று அவர் புலம்பினார்.

அப்போது சேவூர்க்காரர்கள் உட்கார்ந்திருந்த பக்கமிருந்து என் மனைவியின் குரல் கேட்டது.

"அதைய அடிக்காதீங்கண்ணா. அது ஜெனரேட்டர் இல்லீங்க, எங்கூட்டுக்காரருங்க."