சுடாத பாறை

பாரிவாக்கத்துத் தண்ணி லாரி அழகேசன் எந்தச் சாமியையும் பகைத்துக்கொள்ளாதவர். அவருடைய லாரியின் முன்கண்ணாடியில் முருகன், நாகூர் தர்கா, வேளாங்கண்ணி மாதா எல்லாரும் இருப்பார்கள். ரோடு தெரிவதற்கு நடுவில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார். அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் முளைத்ததிலிருந்து அவற்றின் தொட்டிகளை நிரப்புவதுதான் பிழைப்பு. உடம்பில் சர்க்கரை உண்டு. ஆனால் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். யாரோ வேண்டாதவன் கிளப்பிவிட்ட வதந்தி மாதிரிதான் பேசுவார்.

போன வருஷம் வலது காலில் ஆணி குத்தியது. குத்தியதே தெரியாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். செருப்பில் ரத்தத்தைப் பார்த்து அலறியவள் மனைவி சரசாதான். அலறாமல் என்ன செய்வாள்? அவருடைய அண்ணன் வேம்புலிக்கும் இப்படித்தான் தொடங்கியது. கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அழகேசனை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பக்கத்துக் கட்டில்காரர் ஆந்திர எல்லையோரத்து ஆள். தங்கள் ஊர் மலையுச்சியில் ஒரு சிலுவை இருக்கிறது, வெறுங்காலோடு ஏறுகிறேன் என்று வேண்டிக்கொண்டால் கேட்டது கிடைக்கும் என்றார். அழகேசன் படுத்தபடியே வேண்டிக்கொண்டார். கால் தப்பித்தது. இனிமேல் செருப்பில்லாமல் வாசலைக்கூடத் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஆக, காலைக் காப்பாற்றிய சாமிக்குக் காலையே பணயம் வைக்கும்படி ஆயிற்று. சரசாவுக்கு இது உடனே உறைத்தது. அவருக்கு உறைக்கவில்லை.

"செருப்பு போட்டுகினே ஏறு மாமா. சாமி இன்னா கோச்சிக்கவா போவுது?"

"வாக்கு குட்த்துட்டேன்மே. ஏமாத்திட்டேன்னு, குட்த்த கால அது திருப்பிக் கேட்டா இன்னா பண்ணுவ?"

சரசா ரவிக்கை தைக்கிறவள். அடுக்குமாடியில் எத்தனையோ பிடிவாதக்காரிகளைப் பேசியே வழிக்குக் கொண்டுவந்திருக்கிறாள். வீட்டு மனுஷனிடம் மட்டும் அந்தப் பேச்சு எடுபடாது. சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அவரோடு தானும் கிளம்பினாள்.

விடிவதற்குள் ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுவதாகத்தான் ஏற்பாடு. திருமழிசையைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பஸ் பஞ்சர். இன்னொரு பஸ் பிடித்து மலையடிவாரக் கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. இன்னொரு நாள் வரலாம் என்று சரசா கெஞ்சினாள். அவர் டீக்கடை ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டார்.

"என் பையிலயாவது போட்டுக்கிறேன், குடு."

"பையில இருந்தா, போடு போடுன்னு என் உயிர எடுப்ப. இங்கியே கெடக்கட்டும்."

சரசா கொஞ்சம் யோசித்தாள். பிறகு தன் செருப்பையும் கழற்றி அதன் பக்கத்திலேயே வைத்தாள். பக்தியெல்லாம் இல்லை. எங்கே முள், எங்கே சூடு என்று தன் கால் முதலில் சொல்லிவிடும், அங்கேயே அவரை நிறுத்திவிடலாம் என்பது அவள் எண்ணம்.

பாதி மலைவரை மரநிழல், மண்பாதை. அவர் கால் வைக்கும் இடத்தையே பார்த்தபடி பின்னால் ஏறினாள். ஒரு சருகு ஒட்டினாலும் குனிந்து தட்டிவிட்டாள். அவரோ தொட்டி நிரம்பி வழிந்த கதை, வாட்ச்மேனோடு போட்ட சண்டை என்று லாரிக் கதைகளாகப் பேசிக்கொண்டே போனார். இவளுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அங்கங்கே நின்று மூச்சு வாங்கியதில் நேரமும் ஓடிவிட்டது.

மரங்கள் முடிந்த இடத்தில் மொட்டைப் பாறை தொடங்கியது. உச்சியில் வெள்ளைச் சிலுவை. சரசா ஒரு புடைத்த வேரில் புடவை மாட்டிக்கொண்டு நின்றாள். எடுத்துவிட்டு நிமிர்வதற்குள் அவர் பாறையில் ஏறியிருந்தார். இவளும் காலை வைத்தாள்.

"ஐயோ ஆத்தா!"

துள்ளி நிழலுக்கே திரும்பிவிட்டாள். அப்போதுதான் மற்றவர்களைப் பார்த்தாள். வெறுங்காலோடு வந்திருந்த அத்தனை பேரும் குதித்துக் குதித்து ஓடிக்கொண்டிருந்தார்கள். துண்டைப் போட்டு அதன்மேல் நின்றார்கள். ஒருவர் மட்டும் கையை வீசிக்கொண்டு நிதானமாக நடந்தார்.

ஆவடியிலிருந்து வந்திருந்த ஹேமாவதி என்ற பெண் அவரைப் பார்த்துக் கைகூப்பினாள்; கூட வந்தவர்களும் கும்பிட்டார்கள். "அண்ணனப் பாருங்களேன், சுடவே இல்ல. அருள் வந்துடுச்சு!"

அழகேசன் திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியாமே! எல்லாரும் குதிக்கிறாங்கோ, எனக்கு சுடவே இல்ல! சாமி என்னை ஏத்துக்கிச்சு!"

சரசா அவர் காலைத்தான் பார்த்தாள். அருளா? சர்க்கரையில் மரத்து, ஆணி குத்தியும் தெரியாத கால் அது.

"யோவ், நில்லுய்யா! அங்கியே நில்லு!"

அவர் நிற்கவில்லை. கும்பிடுகிற கூட்டத்தைப் பார்த்த சந்தோஷத்தில் இன்னும் மெதுவாகவே நடந்தார். சரசா பாறையில் ஓடினாள். உள்ளங்கால் வெந்தது. அவர் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

"உடுமே. எல்லாரும் பாக்குறாங்கோ."

"கைய வெச்சுப் பாரு."

"எதுல?"

"பாறைல வெய்யா, உன் கைய!"

அவள் சத்தத்துக்குப் பயந்தே குனிந்தார். உள்ளங்கையைப் பாறையில் வைத்தார். வைத்த வேகத்தில் உதறி எடுத்தார். கையைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, நின்றுகொண்டிருந்த தன் இரண்டு கால்களையும் பார்த்தார். சிரிப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை.

"சரசா," என்றார். "எனக்கு ஒண்ணுமே தெர்லமே."

கைகூப்பிய ஹேமாவதியின் வீட்டு ஆண்கள்தான் அவரைத் தோளில் தாங்கி நிழலுக்குத் தூக்கி வந்தார்கள். சிலுவைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது. அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

சரசா அவர் கால்களை மடியில் வைத்துக்கொண்டாள். வலது பாதம் வெளுத்து, விரல்களுக்குக் கீழே தோல் உப்பிக்கொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரை மெல்ல ஊற்றினாள்.

"இங்க எரியுதா?"

"இல்ல."

"இங்க?"

"தெர்லமே."

குதிகாலில் ஊற்றினாள். விரலிடுக்கில் ஊற்றினாள். இல்லை, இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இல்லைக்கும் அவளுக்கு வேம்புலியின், கால் இல்லாத பக்கம் மடித்துக் கட்டிய வேட்டிதான் கண்ணில் வந்து நின்றது. "எங்கனா ஒரு எடத்துலயாவது எரியுதுன்னு சொல்லுய்யா!" என்று அழுதாள். எரியவில்லை என்கிற மனிதனைப் பார்த்து இவள் ஏன் இப்படி அழுகிறாள் என்று சுற்றி நின்றவர்களுக்கு விளங்கவில்லை.

இடது பாதத்தின் நடுக்குழிவில் விரல் பட்டது. அவர் முகம் சட்டென்று சுருங்கியது.

"ஸ்ஸ்... தொடாத! அங்க எரியுது!"

"எங்க? இங்கியா?"

"எரியுதுன்றேன்ல! கைய எடுமே!"

சரசா கையை எடுத்தாள். அழுதுகொண்டே சிரித்தாள். அந்தக் காலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னொரு தபா சொல்லு மாமா," என்றாள்.