இல்லாத மகளுக்கு எடுத்த சுடிதார்

எனக்கு மகள் கிடையாது. இரண்டும் பயல்கள். பெரியவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், சின்னவன் கல்லூரி ஹாஸ்டலில் இருக்கிறான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருச்சியில், எனக்கு ஒரு மகள் இருந்தாள். நர்ஸிங் படித்தாள். அரை மணி நேரத்தில் அவளுக்கு ஒரு துபாய் மாப்பிள்ளையும் வந்துவிட்டார்.

எல்லாம் வண்டியால் வந்த வினை. நாற்பத்து நாலு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. அன்னவாசலைச் சுற்றியிருக்கிற ஊர்களுக்குப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, பிரஷரும் சுகரும் பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். அதற்காகவே ஸ்கூட்டர் ஓட்டப் பழகினேன். நன்றாகத்தான் ஓட்டினேன். ஒரு நாள் சித்தன்னவாசல் ரோட்டில், கண்மாய் வளைவில், முந்தானை பின்சக்கரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது. முட்டி பெயர்ந்தது, சேலை கிழிந்தது, பிரஷர் மிஷின் மட்டும் தப்பித்தது.

அன்றிலிருந்து வீட்டுக்காரர்தான் என்னைப் பின்னால் உட்காரவைத்து ஊர் ஊராகக் கொண்டுபோனார். நான் வேலையை முடிக்கும்வரை எங்கேயாவது நிழலில் உட்கார்ந்து போன் பார்ப்பார். வாய் திறந்து ஒரு குறை சொல்ல மாட்டார். பெருமூச்சு மட்டும் விடுவார். அந்தப் பெருமூச்சைக் கேட்டாலே எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கடைசியில் எங்கள் நிலத்தில் கடலை பறிப்பு வந்தது. திங்கட்கிழமைக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. "இனிமே ஒரு மாசத்துக்கு என்னால வர முடியாது. நீயா ஓட்டிட்டுப் போ, இல்லாட்டி வேலைய விட்டுரு" என்று சொல்லிவிட்டார்.

சேலை கட்டிக்கொண்டு அந்த வண்டியில் மறுபடி ஏற எனக்குத் துணிவில்லை. ஆக, திங்கட்கிழமைக்குள் ஒரு சுடிதார் வேண்டும். இல்லையென்றால் வேலை போச்சு.

எடுத்துப் போட வேண்டியதுதானே என்பீர்கள். எங்கள் தெருவில் என் வயதில் யாரும் போட்டதில்லை. போடக்கூடாது என்று யாரும் சொன்னதும் இல்லை. அதுதான் சங்கடம். ஒருத்தர் வேண்டாமென்று சொல்லியிருந்தால், எனக்கு இருக்கிற வீம்புக்கு மறுநாளே போட்டிருப்பேன்.

எனக்கு இரண்டு கூட்டாளிகள். மூவரும் ஒரே வருஷம் ஒரே தெருவுக்கு வாழ வந்தவர்கள். ஒருத்தி மெயின்ரோட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். இன்னொருத்தி அங்கன்வாடி டீச்சர். விஷயத்தைச் சொன்னதும் தையல்காரி, "துணி எடுத்துக் குடு, நானே தைச்சுத் தாரேன்" என்றாள். "ஓங்கடையில நீ கத்திரிக்கோல எடுக்குமுன்னேயே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருமேடி" என்றேன். அது அவளுக்கும் தெரியும். புதுக்கோட்டைக்குப் போனாலும் கீழராஜ வீதியில் நாலு தெரிந்த முகமாவது எதிரில் வரும். அங்கன்வாடிக்காரி முடிவெடுத்தாள். "திருச்சிக்குப் போவோம். அங்கிட்டு நம்மள யாருக்குத் தெரியும்? அப்படியே பிரியாணி சாப்பிட்டுட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பைப் பற்றவைக்காமல் வீட்டைவிட்டுக் கிளம்பினேன். அதிலேயே பாதிச் சந்தோஷம் வந்துவிட்டது. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் மூவரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தோம். விராலிமலை வருவதற்குள் சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலித்தது. எதற்குச் சிரித்தோம் என்று இப்போது கேட்டால் தெரியாது. கண்டக்டர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார்.

திருச்சியில் முதல் வேலையாக ஒரு ஓட்டலுக்குள் நுழைந்தோம். நெய் ரோஸ்ட் ஆளுக்கொன்று, நடுவில் வைத்துப் பிய்த்துத் தின்ன ஒரு செட் பூரி. மூன்று வகைச் சட்னியையும் நான் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். யாரோ சுட்டு, யாரோ கொண்டுவந்து வைத்து, யாரோ தட்டை எடுத்துக்கொண்டு போனார்கள். நான் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "எனக்கு இப்படியே செத்துப்போனாக்கூடப் பரவால்லடி" என்றேன். "பிரியாணி சாப்பிட்டுட்டுச் சாவு" என்றாள் தையல்காரி.

தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு பெரிய துணிக்கடை. மூன்றாவது மாடி முழுக்கச் சுடிதார். அதுவரைக்கும் வாய் கிழியப் பேசிக்கொண்டு வந்தவள், அந்த மாடியில் கால் வைத்ததும் ஊமையாகிவிட்டேன். சுற்றிலும் காலேஜ் பிள்ளைகள். விற்கிற பெண் ஓடிவந்தாள். "வாங்கக்கா, பாப்பாவுக்கா பாக்குறீங்க?"

"ஆமா, பாப்பாவுக்குத்தான்" என்றேன். நான் சொல்லவில்லை, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பாப்பா என்ன பண்ணுது?"

நான் கூட்டாளிகளைத் திரும்பிப் பார்த்தேன். அங்கன்வாடிக்காரிக்கோ தினமும் முப்பது பிள்ளைகளுக்குக் கதை சொல்வதுதான் பிழைப்பு. சட்டென்று எடுத்துக்கொடுத்தாள். "நர்ஸிங் ரெண்டாவது வருஷம். ஹாஸ்டல்ல இருக்கு. படிப்புல கெட்டி. கோவந்தான் கொஞ்சம் சாஸ்தி, அவங்க ஆத்தா மாதிரி."

"சைஸ் தெரியுமாக்கா?"

என் ரவிக்கையை இருபது வருஷமாகத் தைக்கிறவள் பக்கத்தில் நிற்கிறாள். டேப்பும் இல்லை, யோசனையும் இல்லை, மனப்பாடமாகச் சொன்னாள். "நெஞ்சு நாப்பத்திரண்டு. தோள் பதினஞ்சு. கை கொஞ்சம் லூசா இருக்கட்டும்."

விற்கிற பெண்ணுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "படிக்கிற பிள்ளைக்கு நாப்பத்திரண்டா?"

"ஹாஸ்டல் சாப்பாடு நல்லா இருக்காம்" என்றாள் அங்கன்வாடிக்காரி. எனக்கு அவளை அங்கேயே நாலு சாத்துச் சாத்தலாம் போல இருந்தது. சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்கிக்கொண்டு மயில்கழுத்துக் கலரில் ஒன்றைக் கையில் எடுத்தேன். எடுத்ததும் தெரிந்துவிட்டது, இதுதான் என்று.

அப்போதுதான் பக்கத்தில் துணி பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் எங்கள் பக்கம் திரும்பினார். ஐம்பது வயதிருக்கும். பெரிய பொட்டு, பட்டுக் கரைச் சேலை, கையில் மூன்று பை. "நர்ஸு படிக்குதா? எந்த ஊருங்க நீங்க?"

பழக்கதோஷம், அன்னவாசல் என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"அட, நான் இலுப்பூருங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பத்துக் கிலோமீட்டர். யாருக்கும் தெரியாமல் இருக்கவேண்டும் என்று திருச்சிவரை வந்ததற்கு அடுத்த ஊர்க்காரி. கையை மெல்ல இழுத்துப் பார்த்தேன். அவர் விடவில்லை. "எங்க அக்கா மகன் துபாயில இருக்கான். நர்ஸு பொண்ணாத்தான் பாக்குறோம். பாப்பாவுக்கு என்ன நட்சத்திரம்?"

"படிப்பு முடியட்டுங்க" என்று சொல்லிவிட்டு, "பாப்பாவும் என் ஒசரந்தான், நானே போட்டுப் பாத்துர்றேன்" என்று ட்ரையல் ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே அங்கன்வாடிக்காரி என் மகளுக்கு மூல நட்சத்திரம் என்று சொல்வது கேட்டது. மாப்பிள்ளை வீட்டை விரட்ட அவளுக்குத் தெரிந்த வழி.

உள்ளே போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் இருந்தது நான்தான், ஆனால் இரண்டு காலும் தனித்தனியாக இருந்தன. சின்ன வயதுக்குப் பிறகு என் கால்களை நான் அப்படிப் பார்த்ததில்லை. வலது காலைத் தூக்கி வண்டியில் ஏறுவது மாதிரி வைத்துப் பார்த்தேன். எதுவும் தடுக்கவில்லை. இன்னொரு தடவை வேகமாகத் தூக்கினேன், ஸ்டூலில் பட்டு அது உருண்டது.

"என்னக்கா ஆச்சு?" என்று வெளியிலிருந்து விற்கிற பெண் கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. பாப்பா வண்டி ஓட்டும்" என்றேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

மறுபடி சேலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தபோது இலுப்பூர் அம்மாவைக் காணோம். மூல நட்சத்திரம் வேலை செய்துவிட்டது என்று நினைத்து, பில் போட்டுக்கொண்டு கிளம்பினோம்.

பிரியாணிக் கடையில் டோக்கன் வாங்கிக் காத்திருந்தபோது தையல்காரி ஆரம்பித்தாள். "போட்டுக்கிட்டு வந்து சாப்பிடு. இல்லாட்டி எனக்குப் பிரியாணி வேண்டாம்." பிரியாணி வேண்டாம் என்று அவள் சொல்வது சாதாரண விஷயமில்லை. பாத்ரூமில் போய் மாற்றிக்கொண்டு வந்தேன். மேஜை மேஜையாகக் கடந்து வருவதற்குள் வியர்த்துவிட்டது. ஒருத்தர்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவரவர் கண் அவரவர் இலையில் இருந்தது. மட்டன் பிரியாணி, தாளிச்சா, தயிர் வெங்காயம். இலைக்குக் குனியும்போது முந்தானையைச் செருக வேண்டியதில்லை என்பதை இரண்டாவது வாயில்தான் கவனித்தேன். அப்புறம் நான் எதையும் கவனிக்கவில்லை. எலும்பைத் தட்டி மஜ்ஜையை உறிஞ்சினேன்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. கண்ணாடி வளையல், காது கம்மல், எவர்சில்வர் தூக்கு, எதற்கென்றே தெரியாமல் மூன்று பிளாஸ்டிக் கூடை. ரோஸ் மில்க் குடித்தோம். மலைக்கோட்டைப் படியில் பத்துப் படி ஓடி ஏறிக் காட்டினேன். "வயசுப் பிள்ளன்னு நெனப்பு" என்று இருவரும் கீழே நின்று கேலி செய்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும் சேலைக்கு மாறிவிடுவது என்பதுதான் பேச்சு. ஆனால் வளையல் கடையில் நேரம் போனதே தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது எங்கள் பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.

ஓடினேன். அப்படி ஓடி எத்தனை வருஷம் ஆயிற்றோ. அவர்கள் இருவரும் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் தத்தித் தத்தி வர, நான் முன்னால் போய்ப் படியில் தொற்றிக்கொண்டு, "நிறுத்துங்கண்ணே, ரெண்டு பேரு வாராங்க" என்று கத்தினேன். பஸ் நின்றது. மூச்சு வாங்க உள்ளே திரும்பினேன். இரண்டாவது சீட்டில், மூன்று பையோடு, இலுப்பூர் அம்மா.

அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "அது பாப்பாவுக்கு எடுத்ததில்ல?"

அதற்குள் ஏறிவந்த அங்கன்வாடிக்காரி அடுத்த கதைக்கு வாய் திறந்தாள். நான் அவள் கையை அழுத்தினேன். என்னவோ, அவ்வளவு ஓடிவிட்டுப் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. "பாப்பாவெல்லாம் இல்லங்க. எனக்கு ரெண்டும் பயலுக. எனக்குத்தான் எடுத்தேன். கேக்கக் கூச்சப்பட்டுப் பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்கங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் அவருக்கு நேர் பின்சீட்டில் போய் உட்கார்ந்தோம். எனக்குத் தின்ற பிரியாணி நெஞ்சில் நின்றது.

விராலிமலை தாண்டியதும் அவர் திரும்பினார். "அப்ப நர்ஸு பொண்ணு இல்லவே இல்லையா?"

"இல்லங்க."

"மூல நட்சத்திரம்னாலும் பரவால்லன்னு எங்க அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிப்புட்டேனே" என்றார். கோபமா வருத்தமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இலுப்பூர் வந்தது. பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தவர், படிக்குப் போகாமல் எங்கள் சீட்டுப் பக்கம் வந்து குனிந்தார். மெதுவாகக் கேட்டார். "அந்தக் கடையில என் அளவுக்குக் கெடைக்குமா?"

தையல்காரி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "நாப்பத்தாறு. கெடைக்கும்" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்து எங்கள் ஊர். தையல்காரி பையிலிருந்து என் சேலையை எடுத்து நீட்டினாள். "மேல சுத்திக்க. பொழுது சாஞ்சிருச்சு, யாரும் பாக்க மாட்டாக." நான் வாங்கி, நாலாக மடித்து, புதுக் கூடைக்குள் வைத்தேன்.

அன்னவாசலில் இறங்கினோம். டீக்கடை விளக்கு போட்டிருந்தது. வீட்டுக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவர் பார்வை என்னைத் தாண்டிப் பஸ் படியைத் தேடியது. எல்லோரும் இறங்கி, பஸ்ஸும் போய்விட்டது. நான் அவர் முன்னால் போய் நின்றேன். அவர் முதலில் முகத்தைப் பார்த்தார், அப்புறம் சுடிதாரைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார்.

"யாருது இது?"

"நம்ம மகளுது" என்றேன்.

"நமக்கு ஏது மக?"

"இன்னிக்குத்தான் திருச்சில பொறந்தா. சாவியக் குடுங்க. பின்னாடி ஏறி உக்காருங்க."

டீக்கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் பெருமூச்சு விடவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு, கூடையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்.