பூசைக்கு ஒரு தேதி

முத்தியால்பேட்டையில் நான் வேலை பார்த்த வங்கிக்கு அந்த அம்மாள் மாதாமாதம் வருவார். வெளிர்நீலப் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்த அவர் கணவர் இறந்து ஏழு மாதமாகியும், இருவர் பேரிலும் இருந்த கணக்கில் இறந்தவரின் பென்ஷன் தவறாக விழுந்துகொண்டே இருந்தது.

"செத்துட்டாருன்னு பிரெஞ்சு ஆபீசுக்கு மூணு கடுதாசி போட்டேன் சார். நம்ப மாட்டறாங்க" என்பார். அதில் ஒரு காசு எடுத்ததில்லை. பாஸ்புக்கைப் பதிந்து கொடுத்தால், பென்ஷன் விழுந்த வரியின் கீழே நகத்தால் கோடு கிழிப்பார்.

"சொல்தா வந்துட்டாரு" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்.

ஒரு மாதம் அந்த வரி இல்லை.

"சரி பண்ணிட்டாங்கம்மா. இனிமே வராது. இதுவரைக்கும் போட்டதையும் எடுத்துப்பாங்க" என்றேன்.

பணத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.

"என்னிக்கு சார் நிறுத்துனாங்க?"

"போன செவ்வாக்கிழம."

"தேதிய எழுதிக் குடுங்க. மாதா கோயில்ல அவரோட வருஷப் பூசைக்குச் சொல்லி வைக்கணும்."

பணம் எடுக்கும் சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை இரண்டு முறை படித்துவிட்டு, பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த மனிதர் இறந்த நாளை நான்தான் முடிவு செய்ததுபோல இன்றும் கை கூசுகிறது.