டிரைவர் போட வந்த தங்கை

அது 2006ஆம் ஆண்டு. கித்துல்கலைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில், ஃபேக்டரி ஆபீஸில் கிளார்க்காக வேலை செய்துகொண்டிருந்தேன். நான் கல்யாணம் கட்டி வந்த தோட்டம் அது. பிறந்து வளர்ந்தது ருவான்வெல்லைப் பக்கம். அதனால் எனக்கு ஒரு தங்கை இருப்பதே ஆபீஸில் யாருக்கும் தெரியாது.

தங்கை அப்போது கொழும்பில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். சின்ன வயதில் படிப்பில் நான்தான் கெட்டிக்காரி. ஏ.எல். பரீட்சை முடித்ததும் பிறந்த தோட்டத்திலேயே எனக்கு வேலை கிடைத்தது. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அவளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல்தான் கொழும்பு கொட்டாஞ்சேனையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி கம்ப்யூட்டர் படித்தாள். பிறகு எல்லாம் தலைகீழாகிவிட்டது. அம்மா ஃபோனில் "சின்னவ இருக்காளே..." என்று தொடங்கினாலே எனக்கு வயிறு எரியும்.

எங்கள் ஃபேக்டரிக்குப் புது சாஃப்ட்வேர் போட ஏற்பாடாகியிருந்த சமயம், ஒருநாள் சாயந்தரம் அவளே எனக்கு ஃபோன் எடுத்தாள்.

"அக்கா, நாளைக்கு உங்க ஃபேக்டரிக்கு நான்தான் வர்றேன். கூட என் சீனியர் ஒருத்தர் வர்றாரு. நம்ம ரெண்டு பேரும் தெரிஞ்சவங்க மாதிரி காட்டிக்க வேணாம். சரியா?"

"சரி" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை வேனிலிருந்து இறங்கினாள். தோளில் லேப்டாப் பை, காலில் பளபளக்கும் கறுப்புச் சப்பாத்து. தோட்ட மேனேஜர் துரையோடு இங்கிலீஷில் பேசினாள், சீனியரோடு சிங்களத்தில் சிரித்தாள். என்னைப் பார்த்து, "குட் மார்னிங் மிஸ்" என்றாள். நானும் "குட் மார்னிங் மிஸ்" என்றேன். விருந்தாளிகளுக்கென்று வைத்திருக்கும் பூப்போட்ட கோப்பையில் அவளுக்குத் தேத்தண்ணி போனது. எத்தனையோ வருஷம் வேலை செய்தும் அந்தக் கோப்பை என் மேசைக்கு வந்ததில்லை.

விவரங்கள் எல்லாம் சேரும் டேட்டாபேஸ், துரையின் அறையில் இருந்த புதுக் கம்ப்யூட்டரில் இருந்தது. என் மேசையில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அதோடு பேச வேண்டும். பேசுவதற்கு நடுவில் டிரைவர் என்ற ஒரு சின்ன சாஃப்ட்வேர் வேண்டும். அதைப் போட்டு இணைத்துவிட்டால், ஏற்றுமதிக்கு நின்ற ரப்பர் லொறிக்கான பத்திரம் என் மேசையிலிருந்தே அச்சாகும். பழைய முறையை முதல்நாளே நிறுத்திவிட்டார்கள். லொறி வாசலில் நின்றது. பின்னேரத்துக்குள் கிளம்பாவிட்டால் சரக்கு கப்பலைத் தவறவிட்டுவிடும்.

இணையவில்லை. வயரைப் பார்த்தாள், சரி. டிரைவரைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டாள். பாஸ்வேர்டை மாற்றினாள். ஒவ்வொரு முறையும் அதே பிழைச்செய்திப் பெட்டி வந்து நின்றது. அவள் மூக்கு நுனி வியர்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். உள்ளுக்குள் கற்கண்டு கரைவதுபோல் இருந்தது. நல்லா வேணும் என்று நினைத்தேன்.

துரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சீனியர் கடிகாரத்தைப் பார்த்தார். "நீ தனியா செய்வேன்னு சொன்னதாலதான் உன்கிட்ட விட்டேன். பகல் சாப்பாட்டுக்குள்ள சரிவரலைன்னா, இனி உன்னை வெளிய அனுப்புறதைப் பத்தி யோசிக்கணும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு வெளியே போனார்.

அவள் அந்தப் பிழைச்செய்தியை எழுத்துக்கூட்டி வாசிப்பதுபோல் மெதுவாக வாசித்தாள். பிறகு என் பக்கம் குனிந்து, தமிழில், "டேட்டாபேஸ் புதுசு, டிரைவர் பழசு. அது கேட்கிற மாதிரி பாஸ்வேர்ட் குடுக்க இதுக்குத் தெரியல. எங்க ஆபீஸ்ல டிரைவர் சிடியை மாத்திக் குடுத்துட்டாங்க அக்கா. புது டிரைவர் இன்டர்நெட்ல இருக்கு. இங்க இருக்கா?" என்றாள்.

எங்கள் ஆபீஸில் இருந்தது டெலிஃபோனும் ஃபேக்ஸும்தான். ஆனால் ஆற்றோரத்தில், வெள்ளைக்காரர்களுக்குப் படகு விடும் ஒரு இடத்தில் இன்டர்நெட் உண்டு என்று தெரியும். துரையிடம் சொல்லிவிட்டு இருவரும் த்ரீவீலரில் போனோம்.

நனைந்த காற்சட்டையோடு வெள்ளைக்காரர்கள் தலை துவட்டிக்கொண்டிருந்த கூடத்து மூலையில் கம்ப்யூட்டர் இருந்தது. டவுன்லோட் பாதி வரும், லைன் அறுந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. காத்திருந்தபோது கேட்டேவிட்டேன்.

"என்னைய அக்கான்னு சொல்ல ஒனக்கு அவ்வளவு வெக்கமா?"

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆபீஸ்ல என்னைய கொழும்புப் புள்ளைன்னு நெனச்சிருக்காங்க. தோட்டத்துப் புள்ளைன்னு தெரிஞ்சா, தப்பு பண்ணா ஒரு பேச்சு, பண்ணாட்டி ஒரு பேச்சு. தினம் வேலைக்குப் போகையில பயந்துகிட்டே போறேன். நீங்க ஆபீஸ் போற நேரம் ஒங்க வீட்டுக்காரர் இருக்காரு, புள்ள இருக்கு, சுத்தி நம்ம ஆளுங்க இருக்காங்க. எனக்கு ஒங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா."

நான் ஆசைப்பட்ட இடத்தில் இருந்துகொண்டு, என்னைப் பார்த்து அவள் பொறாமைப்படுவதா? அதைக் கேட்டும் எரிச்சல்தான் வந்தது.

ஒருவழியாக முழுதாக இறங்கியது. பென்டிரைவில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தோம். என் மேசைக் கம்ப்யூட்டரில் குத்தினால், அந்தப் பழைய மெஷினுக்குப் பென்டிரைவ் என்றால் என்னவென்றே தெரியவில்லை. அதற்கும் தனியாக ஒரு டிரைவர் வேண்டுமாம்! தங்கை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கண் கலங்கிவிட்டது. வெளியில் லொறிக்காரர் ஹார்ன் அடித்தார்.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் என் கற்கண்டெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. "துரை ரூம் மெஷின்ல குத்தி, இந்த வயர் வழியா இங்க அனுப்ப முடியாதா?" என்று கேட்டேன்.

அவள் சட்டென்று நிமிர்ந்தாள். பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு எழுந்து ஓடினாள்.

டிரைவர் ஏறி, கம்ப்யூட்டர் நின்று திரும்பத் தொடங்கியபோது துரையும் சீனியரும் பின்னால் வந்து நின்றார்கள். நான் கதவோரத்தில் நின்றேன். காலையில் அவள் தோற்க வேண்டும் என்று நினைத்த அதே நான், முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மாரியம்மா, மாரியம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிழைச்செய்திப் பெட்டி வரவில்லை. திரை நிறைய எங்கள் ஃபேக்டரியின் விவரங்கள் வந்து விழுந்தன.

"அக்கா! வந்துருச்சுக்கா!"

அவள் கத்திவிட்டாள். சீனியர் அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒயாகே அக்காத?" என்று சிங்களத்தில் கேட்டார், உன் அக்காவா என்று.

அவள் முகம் ஒரு நொடி வெளுத்தது. "யாரையும் அக்கான்னு கூப்பிடுறதுதான் சேர்" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

"ஓவ் சேர். மகே அக்கா" என்றாள், ஆமாம், என் அக்காதான் என்று. "நாங்க ருவான்வெல்லை தோட்டத்து ஆளுங்க" என்று அதையும் சிங்களத்திலேயே சேர்த்துச் சொன்னாள்.

சீனியர், "அப்படியா, நல்லது" என்று தலையாட்டிவிட்டு அச்சு வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். அவ்வளவுதான். அவள் இத்தனை நாள் பயந்த விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்தது. லொறி கிளம்பியது. சாயந்தரம் வேனும் கிளம்பியது. ஜன்னல் வழியாக அவள் கையாட்டியபோது, அந்த வேனில் நான் இல்லையே என்று எனக்கு மறுபடி நெஞ்சு எரிந்தது. அதை மறைப்பானேன்.

இப்போது அவள் அந்தக் கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறாள். அம்மா சொல்லும்போது இன்னமும் எங்கோ சுருக்கென்று குத்தத்தான் செய்கிறது. ஆனால் ஒருத்தி மேல் பொறாமைப்படுகிற அதே நெஞ்சுதான் அவளுக்காக அம்மனிடம் கெஞ்சவும் செய்யும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டதால், அந்தக் குத்தலைக் கண்டு நான் பயப்படுவதில்லை.